பிளேயரை மாற்றினால் பாட்டின் சத்தம் மாறுமா?

சிப்புட்_செம்பனை:

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிச் சேர்த்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன, சிடி மட்டும் ஒரு முப்பது தப்பியது. அதை ஃபிளாக் கோப்பாக மாற்றி லேப்டாப்பில் வைத்து, ஈப்போவில் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கரில் கேட்கிறேன். போன வாரம் கூட்டாளி ஒருவன் வந்து, இன்னும் விண்டோஸ் மீடியா பிளேயரா என்று சிரித்துவிட்டு, ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போட்டு அதில் ஏதோ வாசாபி என்று அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது! தபேலா தனியாகக் கேட்கிறது, பேஸ் முன்பு மாதிரி மொத்தையாக இடிக்கவில்லை. (ஒரு தொல்லை, ஃபூபார் ஓடும்போது யூடியூப் ஊமையாகிவிடுகிறது.)

எனக்குப் புரியாதது இதுதான். கோப்பு அதே கோப்பு, ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர், நடுவில் இருக்கும் மென்பொருள் மட்டும் மாறினால் சத்தம் எப்படி மாறும்? வீட்டுக்காரியைக் கேட்டால் "உங்க காதுதான் மாறிப்போச்சு" என்கிறாள். காசு கட்டி வாங்கும் பிளேயர் இதைவிட நன்றாக இருக்கும் என்று கூட்டாளி சொல்கிறான். வாங்கலாமா?

ரீங்காரம்88:

கண்டிப்பாக மாறும். நான் வின்ஆம்ப் என்ற பழைய பிளேயர் காலத்திலிருந்து கேட்கிறேன். வின்ஆம்பில் ஒரு கதகதப்பு இருக்கும், ஃபூபார் கொஞ்சம் வறட்சி ஆனால் சுத்தம், விஎல்சி பிளேயர் படம் பார்க்க மட்டும்தான் லாயக்கு. இதையெல்லாம் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது, காது இருப்பவனுக்குத் தெரியும்.

பழைய_ஆம்ப்ளி:

தம்பி, யூடியூப் ஊமையாகிறது என்று அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் கோப்பு. ஃபிளாக் என்பது எதையும் இழக்காமல் சுருக்கியது. எந்த பிளேயர் விரித்தாலும் சிடியில் இருந்த அதே எண்கள்தான் திரும்ப வரும், இடது வலது இரண்டுக்கும் வினாடிக்கு 44,100 தடவை, ஒவ்வொன்றும் 16 பிட். ஒரு எண் மாறினாலும் அந்த பிளேயரில் கோளாறு என்று அர்த்தம். எம்பி3 என்றால்கூட நல்ல பிளேயர்களுக்கு நடுவே கடைசி ஓரிரு பிட்டில்தான் வித்தியாசம் வரும், அது காதுக்கு எட்டாது. வேடிக்கை என்னவென்றால், ஃபூபார் மற்றதைவிட நன்றாகக் கேட்குமா என்ற கேள்விக்கு ஃபூபாரின் சொந்தக் கேள்வி-பதில் பக்கத்திலேயே இல்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்காக நீங்கள் கேட்டது பொய் என்று சொல்ல மாட்டேன். யூடியூப் ஊமையாகிறது என்றால் கூட்டாளி வாசாபியை (பிளேயரிலிருந்து சவுண்ட் கார்டுக்குச் சத்தம் போக விண்டோஸ் தரும் வழி) எக்ஸ்க்ளூசிவ் முறையில் போட்டிருக்கிறார், அதாவது ஃபூபார் சவுண்ட் கார்டை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது, வேறு எதற்கும் இடமில்லை. சாதாரணமாக எல்லா சத்தமும் விண்டோஸின் மிக்சர் வழியாகப் போகும். அது எல்லாவற்றையும் கலந்து ஒரே அளவுக்கு, பல கணினிகளில் வினாடிக்கு 48,000க்கு, மாற்றி அனுப்பும். அந்த மாற்றமும் இப்போது காதுக்குத் தெரியாது. ஆனால் அதே வழியில் லேப்டாப் செய்தவர்கள் தங்கள் 'மேம்பாடு' ஒன்றைச் செருகியிருப்பார்கள். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கருக்காக பேஸைத் தூக்குவது, சத்தத்தை அகலமாக்குவது இப்படி. சில மாடலில் வெளி ஸ்பீக்கர் மாட்டினாலும் அது ஓய்வதில்லை. எக்ஸ்க்ளூசிவ் போட்டதும் பெரும்பாலும் அதையெல்லாம் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு மொத்தையாக இடித்த பேஸ் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சவுண்ட் அமைப்பில் போய் என்ஹான்ஸ்மெண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய மீடியா பிளேயரிலேயே அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஈக்வலைசர், எஸ்ஆர்எஸ் வாவ் என்று சத்தத்தை மாற்றும் சில விசைகள் இருக்கும், அவையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். பிளேயர் வாங்குவதெல்லாம் அப்புறம்.

ரீங்காரம் தம்பி சொல்வதற்கும் ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் கேமிக்சர் என்று ஒன்று நடுவில் உட்கார்ந்து, வினாடிக்கு எத்தனை எண் என்ற அளவை மாற்றிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டத்தான் ஏசியோ, கெர்னல் ஸ்ட்ரீமிங் என்று வேறு வழிகளைத் தேடி ஆள்கள் அலைந்தார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த ஏற்பாடு முழுக்க மாறிவிட்டது. பேச்சு மட்டும் நின்றபாடில்லை. விஎல்சியைப் பொறுத்தவரை, அதில் வால்யூமை 100 தாண்டி 125 வரை தள்ளலாம், அங்கே வைத்துக் கேட்டால் சத்தமாகப் பதிவான பாட்டு உடையத்தான் செய்யும்.

மைக்செட்_மாமா:

நான் கோயில் திருவிழா, கல்யாணம் என்று சவுண்ட் போடுபவன். ஆம்ப்ளி கடையில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார்கள், விற்க வேண்டியது எதுவோ அதில் சத்தம் ஒரு மயிரிழை கூட இருக்கும். அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாகவே தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஒரு பிளேயரில் ரீப்ளேகெயின் (பாட்டுக்குப் பாட்டு சத்த அளவைச் சமமாக்கும் வசதி) ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால் போதும், கதகதப்பு வறட்சி எல்லாம் தானாக வரும். சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிட்டது எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

ரீங்காரம், ஃபூபாருக்கு ஏபிஎக்ஸ் என்று ஒரு இணைப்பு உண்டு, எது ஓடுகிறது என்று காட்டாமல் போட்டு உங்களையே சொல்லச் சொல்லும். வின்ஆம்பில் ஓடுவதை ஒரு வேவ் கோப்பாக எழுதிக்கொள்ளுங்கள், ஃபூபாரிலும் அப்படியே ஒன்று. இரண்டையும் அதில் போட்டு 16 தடவை செய்யுங்கள். 12 சரியாக வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், குருட்டாம்போக்கில் அவ்வளவு வர 100க்கு 4தான் வாய்ப்பு.

சிப்புட்_செம்பனை:

ஆம்ப்ளி அண்ணே, நீங்கள் சொன்னதேதான். என்ஹான்ஸ்மெண்டில் பேஸ் பூஸ்ட் எரிந்துகொண்டிருந்தது, மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. அணைத்ததும் மீடியா பிளேயரிலும் தபேலா தனியாக வந்துவிட்டது. பிறகு வீட்டுக்காரியை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, நான் திரும்பி உட்கார்ந்து, எது ஃபூபார் எது மீடியா பிளேயர் என்று சொல்லிப் பார்த்தேன். 10க்கு 5. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் பிளேயர் என்ன, ஸ்பீக்கரே கேட்காது.

வாசாபியை எடுத்துவிட்டேன். யூடியூப் பேசுகிறது, வீட்டில் சமாதானம்.

ரீங்காரம்88:

சரி, நானும் செய்தேன். 16க்கு 9. பாதிக்கு மேல் இருக்கிறதே?

மைக்செட்_மாமா:

காசு சுண்டிப் போட்டாலே 9 அல்லது அதற்கு மேல் வர 100க்கு 40 வாய்ப்பு இருக்கிறது, தம்பி.

ரீங்காரம்88:

வின்ஆம்பைத்தான் வைத்துக்கொள்வேன். அந்தப் பழைய பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டால்தான் எனக்குப் பாட்டு கேட்ட மாதிரி இருக்கிறது, போதுமா.

பழைய_ஆம்ப்ளி:

அதை யாரும் தடுக்கவில்லை. நானும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

சிப்புட்_செம்பனை:

பிளேயர் வாங்க வைத்த காசு மிச்சம். பூஞ்சை பிடித்த கேசட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து தருபவர் ஈப்போ பக்கம் யாராவது இருக்கிறார்களா? அப்பா பேசிப் பதிவு செய்தது ஒன்று அதில் இருக்கிறது.