கொல்லை வாழையில் நார் எடுத்தேன், கறுத்து ஒடிகிறது. என்ன தப்பு?

கொல்லைப்புறம் (பாபநாசம் பக்கம்):
எல்லாருக்கும் வணக்கம். அறுவடை முடிந்து நெல்லும் போயாச்சு. மேட்டூரை அடைத்த பிறகு வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை, ஜூன் 12இல் திறந்தால் திறந்தது, அதுவரை வீட்டில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கிறது. கொல்லையில் ஒரு பூவன், தார் வெட்டிய பிறகு சும்மா நின்றது. எப்போதும் தண்டை எடுத்துப் பொரியல் செய்துவிட்டு மீதியை மாட்டுக்குப் போடுவோம். இந்த மாசியில் மகளும் நானும் அதில் நார் எடுத்து, மேசையில் போடச் சின்ன விரிப்பு பின்னலாம் என்று இறங்கினோம்.

பூக்கட்டுகிற நார் எனக்குத் தெரியும், பட்டையைக் காயவைத்துக் கிழித்து, கட்டும்போது நனைத்துக்கொள்வது. எனக்கு வேண்டியது அது இல்லை, பட்டு மாதிரி மினுக்குமே அந்த வெள்ளை இழை. மரத்தை வெட்டி மூன்று நாள் போட்டுவைத்துவிட்டு, பிறகு கத்தியால் சுரண்டினேன். பழுப்பாக வந்தது. மொட்டை மாடி வெயிலில் போட்டேன், மறுநாள் கறுத்து, வளைத்தால் ஒடிகிறது. குரோஷா ஊசியில் நாலு கண்ணி போடுவதற்குள் பிரிந்துவிட்டது. ஒரு நல்ல சேலையும் கறையில் போச்சு. இதற்கு மெஷின்தான் வாங்க வேண்டுமா?

கொள்ளிடம் வடகரை:
மெஷினெல்லாம் வேண்டாம்மா. அந்த மூன்று நாளில்தான் கெட்டது. வாழைச்சாறு காற்றுப் பட்டதும் கறுக்க ஆரம்பித்துவிடும், நார் அந்தக் கறையிலேயே ஊறிக்கிடந்தால் எப்படி வெளுப்பாக வரும்? வெட்டிய அன்றே உட்கார்ந்துவிட வேண்டும், தள்ளினால் மறுநாள் காலை.

வெளிப் பட்டை இரண்டு மூன்றைத் தனியாக எடுத்துவிடுங்கள், அது முரட்டு நார், கயிறு திரிக்கத்தான் ஆகும். தண்டை ஒட்டினாற்போல் இருக்கும் பட்டையில் நார் மெலிசு, சுரண்டும்போதே அறுந்துவிடும். நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு. அதை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, மூன்று விரல் அகலமாகக் கிழித்து, சாய்வாக வைத்த பலகையில் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு சுரண்டுங்கள். கூரான கத்தி கூடாது, நாரை அறுத்துவிடும். கத்தியின் முதுகு போதும், நான் பழைய இரும்பு ஸ்கேலில் சுரண்டுகிறேன். சதை வழிந்து வெறும் இழை தெரியும்வரை ஒரு பாதி, அப்புறம் திருப்பிப் பிடித்து மறுபாதி. எடுத்த கையோடு தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும், அலசின தண்ணீர் தெளிவாக வரும்வரை. நிழலில் கொடியில் தொங்கவிட்டு, அரை ஈரத்தில் சீப்பால் ஒரு தடவை வாருங்கள். ஒரு மரத்துக்கு ஒரு கைப்பிடி தேறினால் அதிகம், மரம் முழுக்கத் தண்ணீர்தானே.

மெஷினைப் பார்க்க ஆசை என்றால் திருச்சி பக்கம் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 1993இல் தொடங்கியது. பயிற்சி எப்போது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வயர்கூடை திருவாரூர்:
அக்கா, குரோஷாவை விடுங்கள். ஊசிக்கு நூல் வழுக்கி ஓட வேண்டும், இந்த நார் விறைப்பு. நானும் முட்டிமோதிப் பார்த்தேன், விரல்தான் புண்ணாச்சு. ஜடை மாதிரி மூன்று புரியாகப் பின்னுங்கள். ஒரு புரி தீரும்போது புது நாரை அதனுள் செருகுங்கள், ஆனால் மூன்று புரியிலும் ஒரே இடத்தில் ஒட்டு விழக்கூடாது, விழுந்தால் அங்கேதான் விடும். கையை நனைத்து நனைத்துப் பின்னினால் ஒடியாது. ஒரு நாலு முழம் ஆனதும் நத்தைக்கூடு போலச் சுருட்டி, பருத்தி நூலால் அடியில் தைத்துக்கொண்டே போனால் வட்டமாக வந்துவிடும்.

மணிலாக் கயிறு என்கிறோமே, அதுவும் பிலிப்பைன்ஸில் வளரும் ஒரு வாழை இனத்து நார்தான். கப்பலையே கட்டினார்கள் அதில். நம் பூவனுக்கு அவ்வளவு வலு கிடையாது, சொம்பு வைக்கத் தாங்கும்!

மாடிவெண்டை:
சுரண்டின சக்கையை என்ன செய்தீர்கள்? மாட்டுக்குப் போக மீதி இருந்தால் காய்ந்த இலையோடு கலந்து தொட்டியில் மூடாக்காகப் போடுங்கள், பங்குனி வெயிலுக்கு மண் ஈரம் காக்கும். தனியாகக் குவித்தால் நாற்றமும் கொசுவும்தான். நான் இப்போது வெண்டையும் கொத்தவரையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தார்? எங்கள் வீட்டில் நாலு சீப்பு ஒரே நாளில் பழுத்து, பிள்ளைகள் தொடவே இல்லை. மசித்து, கொஞ்சம் தயிர் விட்டு (சோடா உப்பு பொங்கப் புளிப்பு வேண்டும்) கேக் போட்டேன். குக்கரில் தண்ணீர் விடாமல் அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு, மேலே ஸ்டாண்டு, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, அப்புறம் மாவுப் பாத்திரத்தை வைத்துச் சிறுதீயில் முக்கால் மணி. அவசரப்பட்டுத் திறந்ததில் முதல் கேக் நடுவில் குழி விழுந்தது, அதையும் தின்றுவிட்டார்கள்.

கொல்லைப்புறம்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டில் நேற்று தார் வெட்டினார்கள், மரத்தைக் கேட்டு வாங்கிவந்து அன்று மத்தியானமே உட்கார்ந்தோம். பளிச்சென்ற வெள்ளை இல்லை, சந்தன நிறம், ஆனால் வளைகிறது, ஒடியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தேறியது, அதில் பாதி மகள் பின்னினது, அவள் பக்கம்தான் நேராக இருக்கிறது. எங்கள் ரஸ்தாளி பங்குனி கடைசியில் வெட்டுக்கு வரும், அதில் நார் இதைவிட மெலிசாக இருக்குமா? அப்படியே அந்தச் சேலைக் கறைக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

கொள்ளிடம் வடகரை:
ரஸ்தாளியில் நான் எடுத்ததில்லை, எடுத்துப் பார்த்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கறை போகாது. அடுத்த தடவை நார் எடுக்கும்போது அந்தச் சேலையையே கட்டிக்கொள்ளுங்கள்.