நியூஜெர்சி பிரைமரி: தபால் வாக்குச்சீட்டு வரவில்லை

மத்திய நியூஜெர்சியில் இருக்கிறோம். ஜூன் பிரைமரிக்கு (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) அப்பாவுக்குத் தபால் வாக்குச்சீட்டு வரவில்லை. நவம்பர் 2024 பொதுத்தேர்தலுக்குத் தானாகவே வந்தது.

முகவரி மாறவில்லை. மாநில இணையதளத்தில் பதிவு சரியாகவே இருக்கிறது. கட்சி மட்டும் ‘சார்பற்றவர்’ என்று காட்டுகிறது. கவுண்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்துக்கு அழைத்தால் பதிவுக்குரல்தான் பேசுகிறது.

சார்பற்றவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியை அறிவித்து வாக்களிக்கலாம், பிரைமரிக்கு 55 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற கெடு கட்சி மாறுவோருக்குத்தான் என்பது தெரியும். ஆனால் முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் வரிசையில் நிற்க முடியாது. வேட்பாளர் விவாதங்களை மட்டும் ஒன்று விடாமல் பார்க்கிறார்!

தபால் விண்ணப்பம் தேர்தலுக்கு 7 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். கட்சி அறிவிப்புப் படிவம் மட்டும் அனுப்பினால் போதுமா, புதிய தபால் வாக்கு விண்ணப்பமும் சேர்த்து அனுப்ப வேண்டுமா?