துறுதுறு பிள்ளைக்குக் கதை வாசிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கதை வாசிக்கிறோம். மூத்தவள் என்னை விட்டு நகர மாட்டாள். ஐந்து வயது இளையவனோ இரண்டாவது பக்கத்திலேயே கட்டிலில் ஏறிக் குதிக்கத் தொடங்கிவிடுகிறான். அதட்டி உட்கார வைக்க எனக்கு மனமில்லை. புத்தகம் என்றாலே தண்டனை என்று ஆகிவிடக் கூடாது.

1806 ஜூலை 10 விடியற்காலையில் நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை வாசித்தபோது மட்டும், தலையணைகளை அடுக்கி மதில் கட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டான். நடுவில், "அகழியில் முதலை இருந்ததா?" என்று கேள்வி வேறு! கைக்கு வேலை இருந்தால் காதைக் கொடுக்கிறான் என்று தோன்றுகிறது.

களிமண், வண்ணப் பென்சில் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அக்காவின் கவனம் கலையாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? குரல் மாற்றி, நடித்து வாசிக்க ஏற்ற தமிழ்க் கதைகள் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.