திருத்துறதா, திரும்ப எழுதுறதா?

பாலைநிழல்:
நாவல் பிரதி 34 அத்தியாயம், கிட்டத்தட்ட 1,10,000 சொல். 2002 இலிருந்து 2009 வரை கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கத்து வயற்காரக் குடும்பம் ஒண்டின்ர கதை, தகப்பன்ர பார்வையில. வாசிச்ச மூண்டு பேரும் சொன்னது ஒண்டுதான்: 12க்குப் பிறகு இழுபடுது, தகப்பனோட மனம் ஒட்டேல்லை. மகள் சொல்லுற கதையா மாத்தலாமோ எண்டு யோசனை. இருக்கிறதைத் திருத்தினால் காணுமோ, திரும்ப எழுதவேணுமோ?

வாய்க்கால்:
திரும்ப எழுதத்தான் வேணும் தங்கச்சி. சொல்லுற ஆள் மாறினால், அந்த ஆளுக்குத் தெரியாததெல்லாம் கதையை விட்டுப் போகும். ஒரு வரியை எடுங்கோ: "அவன் மிகுந்த சோகத்துடன் குளக்கட்டில் நடந்து கொண்டிருந்தான்." திருத்தினால், "குளக்கட்டால் நடந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது நினைவில்லை." மகள் சொன்னால், "அப்பா குளக்கட்டால் வந்தார். செருப்பு கையில் இருந்தது. ஏனெண்டு நான் கேட்கவில்லை." முதலாவதில சோகம் அவனுக்குள்ள இருக்குது. கடைசியில அது அவளின்ர மௌனத்தில இருக்குது. இது சொல் மாத்திற வேலையில்லை. பழைய கோப்பை மூடிவைச்சிட்டு வெறும் பக்கத்தில துவங்குங்கோ.

முறிப்பு:
தம்பி சொன்ன உதாரணம் சரி, முடிவு அவசரம். 12க்குப் பிறகு ஏன் இழுபடுது எண்டு கண்டுபிடிக்காமல் வெறும் பக்கத்தில துவங்கினால், அதே இழுவை புதுப் பிரதியிலும் அதே இடத்தில வரும். முதல் ஒரு அட்டவணை போடுங்கோ பிள்ளை. காட்சிக்கு ஒரு வரி, நாலு நிரல்: எந்த மாதம் எந்த ஆண்டு, எங்க, ஆர் ஆர் நிக்கினம், காட்சி முடிய என்ன மாறியிருக்கு. நாலாவது நிரல் வெறுமையா இருந்தால் அந்தக் காட்சியை வெட்டுங்கோ, இல்லாட்டி பக்கத்துக் காட்சியோட சேருங்கோ. அட்டவணை முடியுமட்டும் ஒரு வசனத்திலும் கை வைக்கக் கூடாது. மினுக்கின வசனத்தை வெட்ட மனம் வராது, அதனாலயே தேவையில்லாத காட்சி நிண்டுபோகும்.

மாத நிரலைக் கவனமாப் பாருங்கோ. யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை 2002 ஏப்ரலில திறந்து 2006 ஓகஸ்டில பூட்டினது. 2007இல ஆரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனால் அது வசனப் பிழை இல்லை, அந்தப் பயணத்தில தொங்கிற கதையே விழும். காலபோக (மாரியில விதைக்கிற நெல்) அறுவடையை நவம்பரில வைச்சிருந்தால், அது திகதியோட சரியாகிற பிழை.

வாய்க்கால்:
அட்டவணைக்கு நான் எதிரில்லை அண்ணை. ஆனால் உங்கட மூண்டாவது நிரலே என்ர பக்கம்தான் பேசும். மகள் நிக்காத காட்சி எத்தினை எண்டு எண்ணச் சொல்லுங்கோ. நாலைஞ்செண்டால் கேள்விப்பட்டதாச் சொல்லிச் சமாளிக்கலாம். பாதிக்கு மேல எண்டால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் சேலை மிஞ்சாது.

கொப்பிக்காரி:
ஒரு தொழில்நுட்ப விசயம். பிரதி பாமினி எண்ட பழைய எழுத்துருவில இருந்தால் எதுக்கும் முதல் யூனிகோடுக்கு மாத்துங்கோ. பெயர் மாத்தேக்கையும் கவனம்: "கண்ணன்" எண்டு தேடினால் கண்ணனை, கண்ணனுக்கு, கண்ணனோட ஒண்டும் அகப்படாது, புள்ளி போயிடும். ஒவ்வொரு வேற்றுமை உருபுக்கும் தனித்தனியாத் தேடவேணும். "எல்லாவற்றையும் மாற்று" அமத்தவே வேண்டாம்.

பாலைநிழல்:
எண்ணியாச்சு. 61 காட்சியில 38இல மகள் இல்லை. 12ஆம் அத்தியாயம் தொடக்கம் 19 வரை நாலாவது நிரல் ஏழு இடத்தில வெறுமை.

வாய்க்கால்:
அப்ப திரும்ப எழுதுறதுதான்.

முறிப்பு:
மகள்தான் சொல்லவேணுமெண்டால் ஓம். ஆனால் அந்த ஏழையும் வெட்டிப்போட்டு, தகப்பன்ர பார்வையிலயே ஒருக்கா முழுசா வாசியுங்கோ பிள்ளை. ஒட்டாதது தகப்பனோ, அந்த ஏழு காட்சியோ எண்டு அப்ப தெரியும். வெட்டினதை அழிக்காதேங்கோ, வேற கோப்பில திகதி போட்டு வையுங்கோ.