உங்கள் இணைய நிறுவனம் எதற்கு வழிவிட்டது, எதைத் தடுத்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். நெட் நியூட்ராலிட்டி (எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை) என்ற பேச்சு வந்தாலே அது டெல்லியில் நடக்கும் சட்ட விவகாரம் என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். பணம் கட்டி வாங்கிய இணைப்பில் எந்தத் தளம் வேகமாக வரலாம், எது காத்திருக்கலாம் என்று நிறுவனமே முடிவு செய்ததாக உங்களுக்குத் தோன்றிய அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

என் கதை இது. வீட்டில் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 100 எம்பிபிஎஸ் காட்டும், யூடியூப் நிற்காமல் ஓடும், ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அலுவலக வீடியோ கால் மட்டும் திணறும், எதிரில் இருப்பவர் பேசுவது துண்டு துண்டாக வரும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் "ஸ்பீடு சரியாத்தானே சார் காட்டுது, ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். ஒரு நாள் வேறு வேலைக்காக விபிஎன் (நம் டேட்டாவை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) போட்டிருந்தபோது அதே நேரத்தில் அதே கால் தெளிவாக வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய ஆட்கள் தங்கள் வீடியோக்களைச் சேமித்து வைக்கும் பெட்டிகளை நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த வீடியோ வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. என் அலுவலகத்து கால் அப்படியில்லை, இன்னொரு நெட்வொர்க்கோடு சேரும் இணைப்பு வழியாகப் போயாக வேண்டும். அந்த இணைப்பின் கொள்ளளவைக் கூட்டாமல் விட்டாலே போதும், கையால் யாரும் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸுக்கும் இணைய நிறுவனமான காம்காஸ்டுக்கும் நடந்த சண்டையின் மையம் இதுதான். சேரும் இடத்தில் நெரிசல் தீராமலே இருந்தது, 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது, வேகம் ஏறியது. பெரிய நிறுவனம் பணம் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். சின்ன நிறுவனம் என்ன செய்யும்?

---

கடைக்கார_அண்ணாச்சி (விழுப்புரம் பக்கம்):

தம்பி, நல்ல திரி. நான் 2013லிருந்து ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன், இதை முன்பக்கத்திலிருந்தே பார்த்தவன்.

அப்போது டேட்டா விலை அதிகம். அதனால் ஃபேஸ்புக் பேக், வாட்ஸ்அப் பேக் என்று தனித்தனியாக விற்போம். சின்னத் தொகைதான், பையன்கள் வரிசையாக வந்து போடுவார்கள். பிரச்சினை மறுநாள் வரும். "அண்ணாச்சி, வாட்ஸ்அப் பேக்தானே போட்டேன், மெயின் பேலன்ஸ் எப்படிப் போச்சு?" யாரோ அனுப்பிய லிங்கைத் தொட்டிருப்பார்கள், அது வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போயிருக்கும், வெளியே போனதும் சாதாரணக் கட்டணத்தில் பேலன்ஸை உறிஞ்சியிருக்கும். ஒரு அப்பா, பக்கத்து ஊர் விவசாயி, மகளுக்காக பொறியியல் கவுன்சிலிங் தளத்தைத் திறந்து பார்க்கப்போய் மொத்த பேலன்ஸும் போய் வந்து நின்றார். ஃபேஸ்புக்கில் மணிக்கணக்கில் இருக்கலாம், படிப்புக்கு விண்ணப்பம் போடும் தளத்துக்குப் போனால் காசு. இது எனக்கு அன்றைக்கே பொறுக்கவில்லை.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஆர்க் சேவையை இந்தியாவில் தொடங்கியது. ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முப்பது சொச்சம் தளங்கள் இலவசம், மற்றதற்குக் காசு. தேடுவதற்கு பிங் இருந்தது, கூகுள் இல்லை. ஏழைகளுக்கு இணையம் என்றார்கள். ஏழைக்கு எந்தத் தளம் போதும் என்பதை அமெரிக்காவில் இருப்பவர் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்குக் கடைசிவரை சரியான பதில் வரவில்லை.

அந்த வருஷம் நடந்தது பலருக்கு மறந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன். 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் பின்வாங்கியது. 2015 மார்ச் 27 அன்று டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இதுபற்றி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ வந்தது: செயலி நடத்துபவர் காசு கொடுத்தால் வாடிக்கையாளருக்கு அந்தச் செயலி இலவசம். ஃபிளிப்கார்ட் அதில் சேருவதாக இருந்து, ஜனங்களின் கோபத்தைப் பார்த்து விலகியது. டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. ஃபேஸ்புக் தன் சேவைக்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றி, பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் பார்த்தது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்பு மாதிரி ஒரு உத்தரவு போட்டது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அதோடு அந்தப் பேக்குகள் என் கடையிலிருந்து போய்விட்டன. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

---

பனைமரத்தடி (யாழ்ப்பாணம்):

அண்ணை, உங்கள் ஊரில் போய்விட்டது என்று சொல்கிற அந்தப் பொதிகள் எங்களிடம் இன்றைக்கும் இருக்கின்றன. வட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று.

கொரோனா காலத்தில் நான் ஆசிரியையாக இருந்து பட்டபாட்டைச் சொல்கிறேன். பாடசாலை மூடியதும் வட்ஸ்அப் குழுவில்தான் வகுப்பு. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் தகப்பன் வேலையால் வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அவர்கள் ரீலோட் செய்வது மலிவான சமூக ஊடகப் பொதி. நான் ஒரு பிடிஎஃப் அனுப்பினால் இறங்கும். அதே பாடத்துக்கு ஒரு இணையப் பக்கத்தின் லிங்க் அனுப்பினால் திறக்காது. பிள்ளைகள் "டீச்சர், உங்கட லிங்க் பிழை" என்று எழுதுவார்கள். லிங்கில் பிழை இல்லை, அவர்கள் வாங்கிய டேட்டாவுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. கடைசியில் நான் பக்கங்களைப் படமாக எடுத்து வட்ஸ்அப்பில் போடத் தொடங்கினேன். ஒரு வகுப்பின் பாடத்திட்டமே எந்தச் செயலி மலிவு என்பதைப் பார்த்து மாறிப்போனது. விக்கிப்பீடியாவைத் திறந்து தாங்களாகவே ஒன்றைத் தேடிப் படிக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு வரவேயில்லை, அதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

வீட்டு இணைப்பிலும் பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தருவார்கள். பகல் பங்கு முடிந்துபோனால் நள்ளிரவு தாண்டித்தான் எதையும் இறக்கலாம். ஆனால் அது எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி, அதனால் அதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

---

வெள்ளலூர்_வரைகலை (கோவை):

எனக்கு நடந்தது வேகக் குறைப்பு இல்லை, முழு அடைப்பு.

2012 மே மாதம். நான் அப்போது அனிமேஷன் வேலை செய்து விமியோ என்ற வீடியோ தளத்தில் ஏற்றி, அந்த லிங்கைத்தான் வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவேன். ஒரு காலையில் விமியோ திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவு என்று ஒரு வரி மட்டும் திரையில். பக்கத்துத் தெருவில் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்த நண்பன் வீட்டில் திறந்தது. அங்கே போய் உட்கார்ந்துதான் வேலையை அனுப்பினேன்.

பின்னால் தெரிந்தது இது: ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு எதிரான உத்தரவு வாங்கியிருந்தது. சில நிறுவனங்கள் அதைக் காட்டி பைரேட் பே என்ற திருட்டுப் பிரதித் தளம் மட்டுமில்லாமல் விமியோ, டெய்லிமோஷன் எல்லாவற்றையும் மொத்தமாக மூடிவிட்டன. ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது, குறிப்பிட்ட பக்க முகவரிகளைத்தான் தடுக்கலாம், முழுத் தளத்தையும் இல்லை என்று. அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. திருட்டுப் பிரதியைத் தடுக்க வேண்டியதுதான், என் தொழிலும் படைப்புத் தொழில்தான். ஆனால் ஒரு முகவரியை அடைப்பதைவிட முழுத் தளத்தை அடைப்பது நிறுவனத்துக்குச் சுலபம் என்பதற்காக என்னைப் போன்றவர்கள் ஏன் வேலையை இழக்க வேண்டும்?

---

வைகைப்புனல் (சான் ஹோசே):

இங்கே கலிபோர்னியாவில் வேறு மாதிரி. என்னிடம் இருந்த மொபைல் திட்டத்தின் பெயரே அன்லிமிடெட். ஆனால் வீடியோ எல்லாம் 480பி தரத்துக்கு மேல் வராது. தெளிவாக வேண்டுமென்றால் மாதம் இன்னும் சில டாலர் கட்டி மேல் திட்டத்துக்குப் போக வேண்டும். வீட்டு இணைப்பு போயிருந்த ஒரு வாரம் என் பையன் கணக்குப் பாட வீடியோவை அந்தப் போன் வழியாகத்தான் பார்த்தான். கரும்பலகையில் எழுதிய பின்னங்கள் மங்கலாகத் தெரிந்தன. அதே நேரத்தில் அதே போனில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினேன், வேகத்துக்குக் குறையே இல்லை. வீடியோ என்று அடையாளம் கண்டு அதை மட்டும் பிடித்து வைக்கிறார்கள் என்று அப்போது கண்ணால் பார்த்தேன்.

2018 கோடையில் மென்டோசினோ காட்டுத்தீ எரிந்தபோது சான்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையின் தகவல் தொடர்பு வண்டிக்கு வெரைசான் என்ற மொபைல் நிறுவனம் வேகத்தைக் குறைத்தது, வழக்கமான வேகத்தில் இருநூறில் ஒரு பங்குக்கு. தீயணைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறும்படி பதில் வந்ததை அந்தத் துறையின் தலைவர் நீதிமன்ற வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். வெரைசான் அதை வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு என்று ஒப்புக்கொண்டது, நெட் நியூட்ராலிட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொன்னது. ஒரு பாதி சரிதான், டேட்டா வரம்பு தாண்டியதால் வந்த குறைப்பு அது, ஒரு தளத்தைக் குறிவைத்ததில்லை. ஆனால் 2015ல் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) போட்ட நெட் நியூட்ராலிட்டி விதிகள் அந்த ஜூன் மாதம்தான் செயலிழந்திருந்தன, அதனால் எஃப்சிசியிடம் போய் முறையிடும் வழியும் பலவீனமாகிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியா தனக்கென்று சட்டம் போட்டது. எஃப்சிசி 2024ல் விதிகளை மறுபடி கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆட்சி மாறினால் விதியும் மாறும் நிலையில் நாங்கள் இருக்கிறோம். விழுப்புரத்து அண்ணாச்சி சொன்ன 2016 உத்தரவும், அதற்குப் பிறகு 2018ல் உரிம நிபந்தனைகளில் சேர்க்க மத்திய அரசு ஒப்புக்கொண்ட விதிகளும் எவ்வளவு உறுதியானவை என்று இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

---

காவிரிக்கரை (திருச்சி):

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி வரம்பு வைப்பது வேறு, எந்தத் தளம் என்று பார்த்துக் கதவைச் சாத்துவது வேறு. நீங்கள் பிரித்துச் சொன்ன இடம் மிகச் சரி.

இப்போது நம் ஊரிலும் பெரிய செயலிகள் நெட்வொர்க் செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தென் கொரியாவில் அனுப்புகிறவர் பணம் கட்டும் முறை இருக்கிறது. அங்கே நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. அமேசான் கையில் இருக்கும் நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் கோவையில் இருந்து நான்கு பேர் நடத்தும் வீடியோ தளம் எப்படித் தாங்கும்? இந்தக் கோரிக்கையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய வெஹே என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. யூடியூப் போன்ற ஒரு செயலியின் பதிவு செய்த டிராஃபிக்கை ஒரு முறை அனுப்பும், அப்புறம் அதே அளவு டேட்டாவை நிறுவனம் அடையாளம் காண முடியாதபடி மாற்றி இன்னொரு முறை அனுப்பும். இரண்டுக்கும் வேகம் பெரிதாக வேறுபட்டால், எந்தச் செயலி என்று பார்த்துக் குறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. பிரான்ஸின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே இதைப் பயன்படுத்துகிறது.

என் கால் பிரச்சினைக்கு வருகிறேன். வெஹேயில் வேறுபாடு தெரியவில்லை, ஆகவே நெரிசல் என்றே முடிவு செய்தேன். சாயங்கால டிரேஸ்ரூட்டையும் (டேட்டா போகும் பாதையில் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு தாமதம் என்று காட்டும் சோதனை) காலை டிரேஸ்ரூட்டையும் எடுத்து, தாமதம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று குறித்துப் புகார் எண் வாங்கினேன். கீழே யாரும் மதிக்கவில்லை. நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதே தாள்களை அனுப்பிய பிறகு ஒரு பொறியாளர் கூப்பிட்டுப் பேசினார், பாதையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது சாயங்கால கால் நன்றாக வருகிறது. வெறுமனே "நெட் ஸ்லோ" என்று புகார் எழுதாதீர்கள். எந்த நேரம், எந்தத் தளம், விபிஎன் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று எழுதுங்கள்.

டீச்சர், முடிந்தால் உங்கள் போனில் சமூக ஊடகப் பொதி இல்லாமல், சாதாரண டேட்டாவில் வெஹேயை ஓட்டிப் பார்த்து இங்கே போடுங்கள். சான் ஹோசே நண்பரே, அந்த 480பி திட்டத்தில் இன்னும் இருந்தால் நீங்களும்.