உல்லாசக் கப்பலில் அம்மாவுக்குக் குமட்டல் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து புக்கெட் செல்லும் கப்பலில் அம்மாவை அழைத்துச் செல்லவிருக்கிறேன். கேமரன் மலைப் பேருந்திலேயே வாந்தி எடுப்பவர். எந்த அறை நல்லது?

மறுமொழி 1: நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், தங்கையே, ஆட்டம் அங்கேதான் குறைவு. உட்செவி அசைவை உணர, கண்ணோ அசையாத சுவரைக் காண்பதால்தான் குமட்டுகிறது; ஆகவே திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கட்டும். கைப்பேசி வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 2: டைமென்ஹைட்ரினேட் என்னும் குமட்டல் தடுப்பு மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கியபின் விழுங்கிப் பெரிய பயனில்லை. தூக்கம் வரும். கண் அழுத்த நோய் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

கேட்டவர்: கண் அழுத்தம் உண்டு, அண்ணா. கேட்டுவிட்டே கொடுக்கிறேன்.

மறுமொழி 3: இஞ்சி மிட்டாயும் சிலருக்கு உதவும். வெறும் வயிறும் ஆகாது. கப்பல் ஏறுமுன் நாசி கண்டார் எனும் காரக் குழம்புச் சோறும் ஆகாது!