'சின் சிட்டி' இரண்டாம் பாகத்தில் எது குறைந்தது?

நாகர்கோவில் வாசகர்:
மழையால் வீட்டுக்குள் அடைந்திருந்த இரண்டு இரவுகளில், 2005இல் வெளிவந்த 'சின் சிட்டி'யையும் அதன் தொடர்ச்சியாக 2014இல் வந்த 'எ டேம் டு கில் ஃபார்' படத்தையும் முதன்முறையாக அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டையும் இயக்கியவர்கள் ராபர்ட் ரோட்ரிகஸும், மூலச் சித்திரக்கதைகளைப் படைத்த ஃபிராங்க் மில்லரும்தான். அதே கறுப்பு வெள்ளை, அதே இரவு, அதே கரகரத்த தன்னுரை. முதல் படம் முடிந்தபின் வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாவதிலோ பாதியிலேயே மனம் விலகிவிட்டது. காரணம் என்னவென்று விளங்கவில்லை.

தோவாளை வாசகர்:
வண்ணத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊர் மாணிக்க மாலையில் வெள்ளை அரளிக்கு நடுவே சிவப்பு எங்கே வரவேண்டும் என்பதைக் கட்டுபவர் தீர்மானித்தே மடிக்கிறார். முதல் படத்தில் வில்லனின் மஞ்சள் தோல் அப்படி அளந்து வைக்கப்பட்டது. அந்த மஞ்சளைக் கண்டதுமே அருவருப்பு வந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் ஏவாவாக வரும் ஈவா கிரீனின் பச்சைக் கண்களுக்கு மட்டுமே அந்தப் பொருத்தம் உண்டு. மற்ற இடங்களில் வண்ணம் வெறும் அலங்காரமாக நின்றுவிட்டது.

குளச்சல் வாசகர்:
ஒன்பது ஆண்டு இடைவெளியும் ஒரு காரணம். அதற்குள் மில்லரின் மற்றொரு சித்திரக்கதையான '300' திரைப்படமாகிவிட்டது. 2008இல் அவரே 'தி ஸ்பிரிட்' படத்தை ஏறக்குறைய இதே தோற்றத்தில் இயக்கினார். புதுமை தீர்ந்துவிட்டபின் ரசிகர்கள் திரையரங்குக்கு வரவில்லை. சுமார் 6.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3.9 கோடி டாலரே ஈட்டியது.

மார்த்தாண்டம் வாசகர்:
குளச்சல் நண்பர் சொல்வது வசூலுக்குப் பொருந்தும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தவருக்குப் புதுமை எப்படித் தீர்ந்திருக்கும்? கோளாறு கதையில் இருக்கிறது. முதல் படம், சித்திரக்கதையாக ஏற்கெனவே நிறைவுபெற்ற மூன்று நீண்ட கதைகளின் மேல் நின்றது. இரண்டாவதிலோ ஜானி என்ற சூதாடியின் கதையும் மதுவிடுதியில் ஆடும் நான்சியின் பழிவாங்கலும் படத்திற்கென்றே மில்லர் புதிதாக எழுதியவை. ஜானி சீட்டாட்டத்தில் அந்நகரை ஆட்டிவைக்கும் அரசியல்வாதியான செனட்டரை வெல்கிறான், அடிபடுகிறான், திரும்பி வந்து மறுபடியும் வென்று சுடப்பட்டுச் சாகிறான். அந்த இறப்பால் எவருக்கும் எதுவும் மாறுவதில்லை.

என்னை உண்மையிலேயே வருத்தியது நான்சியின் கதை. தான் உயிரோடு இருக்கும்வரை செனட்டரின் ஆட்கள் தன்னைப் பின்தொடர்ந்து அவளையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கருதித்தான், அவளைக் காத்த முதிய காவல்துறை அதிகாரி ஹார்ட்டிகன் முதல் படத்தின் முடிவில் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அவ்வளவு பெரிய விலை கொடுத்து மீட்ட பெண், இரண்டாம் பாகத்தில் குடியில் மூழ்கித் தன் முகத்தைத் தானே கீறிக்கொண்டு அதே செனட்டரைக் கொல்லப் புறப்படுகிறாள். ஹார்ட்டிகன் ஆவியாக நின்று பார்க்கிறார். துயரத்தால் ஒரு பெண் அப்படி உடைந்துபோவதை எழுதலாம்தான், ஆனால் அதற்குத் தேவையான நிதானத்தைப் படம் அவளுக்குத் தரவில்லை. துணைக்கு வரும் மார்வோ, மின்நாற்காலியில் இறப்பதை நாம் முதல் படத்திலேயே பார்த்துவிட்ட மனிதர். அவர் எத்தனை பேருடன் மோதினாலும் நமக்குப் பதைப்பு எழுவதில்லை.

நாகர்கோவில் வாசகர்:
தங்கள் பதிலைப் படித்தபின் ஹார்ட்டிகனின் கடைசிக் காட்சியை மட்டும் நேற்று மறுபடியும் பார்த்தேன். பனி பெய்துகொண்டிருக்கிறது, அவளை அனுப்பிவிட்டு அவர் தனியே நிற்கிறார். முதல் இரவு என்னை உறங்கவிடாதது இந்தக் காட்சிதான். இரண்டாம் பாகத்தில் ஏவாவின் கதையை இன்னொரு முறை பார்ப்பேன். நான்சியின் பகுதியை இனிப் பார்க்க எனக்கு மனமில்லை.